சிறிய செலவில் அழகான வகுப்பறை



இந்த இதழில் ஒடியல் மாவில் செய்யக்கூடிய சிற்றுண்டிகள் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதனை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கின்றேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு கடிதமே அதற்குக் காரணம். எழுதியவர் கச்சான் தோட்டங்களில் நாட்கூலிக்கு வேலை செய்கின்ற ஒரு தாய். கணவர் இல்லை. மகள் இவ்வருடம் தரம் 1 இல் சேர்ந்திருக்கின்றாள். வகுப்பறையை அலங்கரிப்பதற்கென்று ஒரு பிள்ளைக்கு 2000 ரூபா கேட்டிருக்கின்றார்கள். காசு கட்டிய பிள்ளைகளின் பெயர்களை எழுதி வகுப்புக் கதவில் ஒட்டியும் இருக்கின்றார்கள். “மகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது அக்கா. ஆனா தன்ர பெயர் அதில இல்லை எண்டது மட்டும் அவளுக்குத் தெரியுது” என்று எழுதியிருக்கின்றார்.

எந்தப் பாடசாலை என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இது ஒரு பாடசாலையின் கதையும் அல்ல. 31 வருடங்கள் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகின்றேன். அந்தத் தங்கச்சி மட்டுமல்ல, தரம் 1, 2 இல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் படிக்கின்ற எல்லோரும், முன்பள்ளி நடத்துகின்ற சகோதரிகளும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் அந்த 2000 ரூபா எங்கே போகின்றது என்று பாருங்கள். பிறிஸ்டல் போட், மினுங்கல் கடதாசி, றிபன், பலூன், கடையில் விற்கின்ற மிக்கி மவுஸ் படங்கள், றெஜிபோமில் வெட்டிய எழுத்துக்கள், மிச்சக் காசுக்கு ஒரு பெயின்ரர் வந்து சுவரிலே வரைகின்ற படம். அந்தப் படத்தையும் எங்கேயோ பார்த்திருப்பீர்கள். பனி மூடிய மலை, கூரான கூரை வைத்த வீடு, பக்கத்திலே ஒரு வாத்து. வன்னியிலே பனி மலை! மூன்று மாதம் போக பலூன் சுருங்கி விடும். றெஜிபோம் எழுத்து உதிர்ந்து காற்றோடு வளவெல்லாம் பறக்கும். உக்காது, எரித்தால் நச்சுப் புகை. 2022 இல் நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்து மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டார்கள் அல்லவா? அதற்குப் பிறகு கொப்பி விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொப்பி வாங்கவே யோசிக்கின்ற வீட்டில் மினுங்கல் கடதாசிக்குக் காசு கேட்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஆசிரியர்கள் சிலர் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் சுவர் வெறுமையாக இருக்கட்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. 1999 இல் நாடு முழுவதும் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வந்தபோது, சிறு பிள்ளை வாங்கில் இருந்து எழுதி மட்டும் படிப்பதில்லை, விளையாடியும் செய்து பார்த்தும் படிக்கின்றது என்று எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். வகுப்பறையே பிள்ளைக்குப் பாடம் சொல்ல வேண்டும். அதற்குச் சுவரும், மூலையும், யன்னல் கட்டும் உதவ வேண்டும். ஆனால் நிறைய ஒட்டினால் நிறையப் படிக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குச் சில பாடங்களை எங்கும் படங்கள் ஒட்டிய அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்தினார்கள். நிறைய ஒட்டிய அறையில் பிள்ளைகள் 100 இற்கு 39 பங்கு நேரம் பராக்குப் பார்த்தார்கள். வெறும் அறையில் 28 பங்குதான். பின்னர் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை, நிறைய ஒட்டிய அறையில் 100 இற்கு 42, வெறும் அறையில் 55.

அடுத்த வருடம் இங்கிலாந்தில் சல்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 27 ஆரம்பப் பாடசாலைகளில் 153 வகுப்பறைகளைப் பார்த்து எழுதிய அறிக்கையில், சுவரில் ஐந்தில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை எதுவும் ஒட்டாமல் விடுங்கள் என்று சொல்லியிருக்கின்றார்கள். பிள்ளையின் படிப்புக்கு வெளிச்சமும், காற்றும், அளவான சூடும் மிக முக்கியம் என்றும் சொல்கின்றார்கள். எங்கள் தகரக் கூரைகளின் கீழே இருந்து படித்தவர்களுக்கு அது ஆய்வு இல்லாமலே தெரியும். ஆகவே யன்னலை மறைத்துப் படம் ஒட்ட வேண்டாம். கரும்பலகை இருக்கின்ற சுவரில் கரும்பலகை மட்டும் இருக்கட்டும். அலங்காரம் பக்கச் சுவரிலும் பின் சுவரிலும் போதும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது பெயர் மட்டை. பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை மட்டை. பிஸ்கட் பெட்டி, பால்மாப் பெட்டி, சவர்க்காரப் பெட்டி எதுவானாலும் சரி. ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலத்தில் வெட்டி, உட்புறத்தில் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை விரும்புகின்ற ஒரு சிறு படம்: இலை, மீன், குடை, சைக்கிள். வாசிக்கத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துத் தன் பெயரைக் கண்டுபிடிக்கும். ஒரு மாதத்தில் படத்தை மறைத்தாலும் பெயரை அடையாளம் காணும். பிள்ளை முதன்முதல் வாசிக்கின்ற சொல் தன் பெயராகத்தான் இருக்கும்.

இதை நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்களுக்குத் தரப்பாள் கொட்டிலே வகுப்பறை. சுவர் இல்லை, ஆணி அடிக்க மரம் இல்லை, கரும்பலகை வந்து சேரும் வரை மண்ணிலே எழுதினோம். நிவாரணப் பெட்டிகளைக் கிழித்து, அடுப்புக் கரியால் பெயர்களை எழுதி, கூடாரக் கயிற்றிலே வரிசையாகக் கட்டித் தொங்க விட்டேன். அலங்காரம் என்று அதைத்தான் சொல்லலாம். வேறொன்றும் இல்லை. ஆனால் காலையில் பிள்ளைகள் வந்ததும் முதலில் அதனடிக்குத்தான் ஓடுவார்கள். சில பிள்ளைகள் அப்போது பேசுவதே குறைவு. ஒரு பெண் பிள்ளை இரண்டு கிழமை ஒரு சொல்லும் பேசாமல் இருந்தவள், தன் மட்டை காற்றில் திரும்பி நிற்பதைக் கண்டு “ரீச்சர், என்னைத் திருப்பி விடுங்கோ” என்றாள். குடும்பங்களை வேறு வலயத்துக்கு மாற்றும்போது பிள்ளை தன் மட்டையைக் கழற்றிக் கொண்டு போகும். வெறும் கயிறு தெரிகின்ற அந்த இடத்தை நான் மறுநாள் மற்றப் பெயர்களை நகர்த்தி நிரப்புவேன். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அன்று என்னிடம் படித்த சிலர் இன்று தாய்மார். இந்தப் பக்கத்தை வாசிக்கின்றவர்களிலும் சிலர் இருக்கக்கூடும்.

ஆகையால்தான் கதவிலே ஒட்டிய காசுப் பட்டியலைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்ததும் மனம் கனத்தது. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்குமானால் எல்லாப் பிள்ளையின் பெயரும் இருக்க வேண்டும்.

பெயர் மட்டைகளை வரவுப் பலகையாகவும் ஆக்கலாம். இரண்டு யோகட் கோப்பைகளில் அல்லது இரண்டு பனையோலைப் பெட்டிகளில் ஒன்றுக்கு வீட்டின் படம், மற்றதுக்குப் பாடசாலையின் படம் ஒட்டுங்கள். ஐஸ் பழக் குச்சிகளில், அல்லது சீவிய மூங்கில் குச்சிகளில் பெயர் எழுதி வீட்டுக் கோப்பையில் வையுங்கள். பிள்ளை வந்ததும் தன் குச்சியை எடுத்துப் பாடசாலைக் கோப்பையில் போடும். வீட்டுக் கோப்பையில் மிஞ்சுவது யாருடையது, ஏன் வரவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். எண்ணவும் பழகுவார்கள்.

அடுத்தது உயரம். பல வகுப்பறைகளில் படங்கள் ஆசிரியையின் கண்ணுக்கு நேரே இருக்கும். தரம் 1 பிள்ளைக்கு அது கூரை. பிள்ளையின் கண் மட்டம் தரையில் இருந்து மூன்று, மூன்றரை அடிதான். நம்பாவிட்டால் அந்த வகுப்பில் முழங்காலில் நின்று சுற்றிப் பாருங்கள்.

சுவரில் நேரடியாக ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. செலோரேப் சுண்ணாம்பைப் பெயர்த்து விடும். எங்கள் பாடசாலைகள் பலவற்றில் அரைச்சுவர்தான், மாரியில் சாரல் அடித்து எல்லாம் நனைந்து போகும். ஒரு பழைய பன்பாயை எடுங்கள். ஓரம் கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய சேலைக் கரையை மடித்து ஓரத்தைத் தைத்து விடலாம். மேலும் கீழும் பூவரசம் தடி அல்லது மூங்கில் தடி கட்டுங்கள். கீழ்த் தடியின் பாரத்தால் பாய் காற்றில் ஆடாது. இதிலே பிள்ளைகளின் படங்களை ஊசி நூலால் ஒரு தையல் போட்டுக் கட்டி விடலாம். குண்டூசி வேண்டாம், சின்னப் பிள்ளைகள். வீடு போகும்போது பாயைச் சுருட்டி மேலே கட்டி விட்டால் மழையும் பிடிக்காது, ஆடும் கடிக்காது. சிரிக்க வேண்டாம். எங்கள் பாடசாலையில் ஒரு முறை ‘எமது குடும்பம்’ என்ற தலைப்பில் வரைந்த 22 படங்களை ஓர் ஆடு தின்று முடித்தது.

ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்ற இடங்களில் இந்தப் பாய்களே தடுப்புச் சுவராகவும் உதவும். சத்தம் நிற்காது, ஆனால் பார்வை நிற்கும். பாய் கிடைக்காவிட்டால் கோதுமை மாச் சாக்குகளைப் பிரித்து, கழுவி, நான்கைந்தைச் சேர்த்துத் தைத்துக் கொள்ளுங்கள். வெள்ளை நிறமாக இருப்பதால் எழுதவும் வரையவும் நல்லது. தும்புக் கயிற்றைச் சுவரோரமாக இழுத்துக் கட்டி, மூங்கில் சிம்பை நடுவில் பிளந்து கவ்வியாக்கிப் படங்களைத் தொங்க விடுவது இன்னும் சுலபம். அந்தக் கயிறு சுவரோடு ஒட்டி இருக்கட்டும். வழிக்குக் குறுக்கே கட்டினால் ஓடி வருகின்ற பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து.

பசை கடையில் வாங்க வேண்டாம். ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் மூன்று கோப்பை தண்ணீரில் ஒரு பிடி வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து வடித்து, அது கொதித்துக் கொண்டிருக்கும்போதே மாக் கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். நெருப்பைக் குறையுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல வந்ததும் இறக்கலாம். வேப்பிலைக் கசப்புக்குக் கரப்பானும் எறும்பும் குறையும். மூன்று நாள் வரை பழுதாகாது. சிலர் துரிசு சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கின்ற பசையில் சேர்க்கவே கூடாது. பழைய பத்திரிகைத் தாள்களை இந்தப் பசையால் ஆறேழு அடுக்கு ஒட்டி, மேலே பாரம் வைத்து வெயிலில் காய வைத்தால் பிறிஸ்டல் போட்டை விடத் தடிப்பான மட்டை கிடைக்கும்.

வர்ணம் எங்கள் வளவிலேயே இருக்கின்றது. மஞ்சளைக் கரைத்தால் மஞ்சள். அதிலே வெற்றிலைக்குப் போடுகின்ற சுண்ணாம்பு சிறிதளவு சேர்த்தால் நல்ல சிவப்பு. அதனைப் பெரியவர்களே கலக்க வேண்டும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அடுப்புக் கரியை அரைத்துத் துணியில் சலித்தால் கறுப்பு. செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு அடியில் இருக்கின்ற மெல்லிய வண்டலை எடுத்தால் செங்காவி. உடுப்புக்குப் போடுகின்ற நீலப் பவுடர் நீலம். இவற்றோடு கொஞ்சம் கோதுமைப் பசை அல்லது சோற்றுக் கஞ்சி சேர்த்தால்தான் கடதாசியில் பிடிக்கும், இல்லாவிட்டால் காய்ந்ததும் உதிரும். தும்பு தட்டிய பனை நார், வேப்பங்குச்சியின் மென்ற நுனி ஆகியவை தூரிகை. மஞ்சள் வெயிலில் வெளிறி விடும், ஆகவே யன்னல் ஓரப் படங்களுக்குச் செங்காவியும் கரியும் நல்லது.

வேலியில் படர்கின்ற சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நீலச் சாறு வரும். அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்யுங்கள். பாதியை வேறு கோப்பையில் ஊற்றித் தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விட்டால் ஊதாவாக மாறும். வகுப்பே எழுந்து நின்று பார்க்கும். அன்று வரைகின்ற படம் முழுவதும் ஊதாவாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எழுத்துப் படங்களுக்கு வருவோம். கடையில் விற்கின்ற அரிச்சுவடிப் படத்தில் என்ன இருக்கின்றதோ அதையே எழுத வேண்டும் என்று இல்லை. பிள்ளைகளைக் கேளுங்கள். ப என்றால் பனை, கு என்றால் குளம், ஓ என்றால் ஓலை, ந என்றால் நண்டு, ம என்றால் மரை என்று தாங்களே சொல்வார்கள். கரையோரப் பாடசாலையின் சுவரும் குளத்தோரப் பாடசாலையின் சுவரும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ‘அ’ வுக்கு அம்மா, அப்பா என்று எழுதுவதை நான் பல வருடங்களுக்கு முன்னரே விட்டு விட்டேன். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கின்ற பிள்ளை, தகப்பன் இல்லாத பிள்ளை, அம்மம்மாவோடு வளர்கின்ற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. தினமும் காலையில் அந்தச் சொல்லின் முன்னால் அவர்கள் இருக்க வேண்டுமா? அணில் போதும். ‘எமது குடும்பம்’ படம் வரையும்போதும், வீட்டில் உன்னோடு இருப்பவர்களை வரை என்று சொன்னால் எல்லாப் பிள்ளைக்கும் வரைய ஆள் இருக்கும்.

எண்களுக்குப் பனையோலைதான் சிறந்தது. காய்ந்த சார்வோலையில் முக்கோணம், சதுரம், நட்சத்திரம், சிறு பெட்டி என்று இழைத்தால் பல மாதங்கள் கெடாது. தென்னங்குருத்தில் கிளியும் பாம்பும் செய்வது திறப்பு விழாவுக்கு அழகு, ஆனால் இரண்டு மூன்று நாளில் வாடி விடும். பெட்டி இழைக்கத் தெரிந்த அம்மம்மா ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் இழைக்கச் சொல்லுங்கள். 1 முதல் 10 வரை எண் போட்ட பத்துச் சிறு பெட்டிகளை யன்னல் கட்டில் வரிசையாக வைத்தால், பிள்ளைகள் அந்தந்த எண்ணுக்கு விதை போட்டு எண்ணுவார்கள். புளியங்கொட்டை, மஞ்சாடி விதை நல்லவை. குன்றிமணி, ஆமணக்கு விதை, அலரி விதை ஆகியவற்றை வகுப்பறைக்குள் எடுக்கவே வேண்டாம். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டும் சிவப்பு என்பதால் பலர் மயங்குவதுண்டு. நுனியில் கறுப்பு இருந்தால் குன்றிமணி, முழுவதும் சிவப்பாக இருந்தால் மஞ்சாடி.

பொருள் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். “நாளைக்கு வீட்டைச் சுற்றிக் கிடக்கின்ற மூடி, தகரம், கம்பி கொண்டு வாருங்கள்” என்று எங்கள் பிரதேசப் பிள்ளைகளிடம் சொல்லவே கூடாது. போர் 2009 இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முழுமையாக முடியவில்லை. காட்டோரம், பழைய பதுங்குகுழி, துப்பரவாக்காத காணி ஆகிய இடங்களில் மினுங்குகின்ற உலோகத்தைக் கண்டால் இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. போருக்குப் பிறகு பிறந்தவர்கள் அவர்கள். தெரியாத பொருளைத் தொடாதே, எடுக்காதே, பெரியவர்களிடம் சொல் என்று வீட்டிலும் வகுப்பிலும் அடிக்கடி சொல்ல வேண்டும். வீட்டுக் குசினியில் இருந்து, தாயின் கையால் வருகின்ற பொருட்களை மட்டும் சேருங்கள். பேணிகளின் வாய் விளிம்பை மடித்துத் தட்டி, துணி சுற்றிக் கொடுங்கள்.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற் துண்டுகளை எழுதுபலகையாக வெட்டுவதையும் கண்டிருக்கின்றேன். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், வெட்டவும் உரசவும் கூடாது. வீட்டிலே மிஞ்சிக் கிடக்கின்ற பழைய பெயின்ற் பேணியும் வேண்டாம். பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு எங்கள் நாட்டில் எல்லை விதித்தது 2013 இல் இருந்துதான். அதற்கு முந்தியவற்றில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுவருக்குச் சுண்ணாம்பும் அதிலே சிறிது நீலமும் போதும். இன்னொன்று, போத்தலிலும் சிரட்டையிலும் செடி வைத்துத் தொங்க விடுவது அழகுதான், ஆனால் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு கிழமைக்குள் பெருகி விடும். அடியில் துளை போட்டு மண்ணிலே செடி நடுங்கள்.

தைக்கின்ற சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். வெட்டுத் துணிகளை வீச வேண்டாம். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் கழிவுத் துணி கொடுப்பார்கள். வாசிப்பு மூலைக்கு ஒட்டுத்துணி விரிப்பு, சிறு தலையணை, கைப்பொம்மை, கொடித் தோரணம் எல்லாம் அதிலேயே செய்யலாம். பழக்கடையில் கிடைக்கின்ற பலகைப் பெட்டி இரண்டை ஆணி நீக்கி உரசி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் புத்தக அலுமாரி. இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகரத்தில் 1996 இல் தொழிற்சாலைக் கழிவுகளைச் சேர்த்துப் பாடசாலைகளுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள்.

அந்த ஊரின் பழைய கதை ஒன்றும் எங்களுக்குப் பொருத்தமானது. 1945 இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து சில நாட்களில், அந்த நகருக்கு அருகே வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜேர்மன் படையினர் விட்டுச் சென்ற ஒரு யுத்தத் தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு லோரிஸ் மலகுச்சி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கற்களைப் பெண்கள் பொறுக்கிக் கழுவிக் கொண்டிருந்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கின்றார். அவர் அங்கேயே தங்கி உழைத்தார். இன்று அந்த நகரத்தின் பாலர் பாடசாலைகளைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆசிரியர்கள் போகின்றார்கள். அங்கே சுவர்களில் பெரும்பாலும் பிள்ளைகள் செய்தவையே இருக்கும்.

இனி, கடிதம் எழுதிய தங்கச்சிக்கு. காசு கட்ட முடியாது என்று ஆசிரியையிடம் தனியாகப் போய் நின்று கண் கலங்க வேண்டாம். வகுப்பில் உங்களைப் போல இன்னும் நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து போங்கள். “ரீச்சர், ஒரு சனிக்கிழமை நாங்கள் சிரமதானம் வந்து செய்து தாறம், காசுக்குப் பதிலாக வேலையை எடுத்துக் கொள்ளுங்கோ” என்று கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல் செய்து முடித்த ஒரு பெயர் மட்டையையோ, இழைத்த எண் பெட்டியையோ கொண்டு போய்க் காட்டுங்கள். கண்ணால் கண்டால் மறுப்பது கடினம். ஆசிரியையும் பாவம்தான். மேலிடத்தில் இருந்து பார்வையிட வருகின்றார்கள் என்றால் வகுப்பறை மினுங்க வேண்டும் என்ற பயம் அவருக்கும் உண்டு. பலர் தங்கள் சம்பளத்திலேயே வெண்கட்டியும் வர்ணமும் வாங்குகின்றார்கள். அப்படியும் சரிவராவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். கதவில் இருக்கின்ற பட்டியலைக் கழற்றும்படி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்றால் ஒரு தாளில் எழுதி, படிக்கத் தெரிந்த ஒரு தாயைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

சிரமதானத்துக்கு முன்னாயத்தம் வேண்டும். பசை முதல் நாள் காய்ச்சி வையுங்கள். மட்டைகள் வெட்டி வையுங்கள். கைக்குழந்தைகளைப் பார்ப்பதற்கு ஒருவரை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது. தேநீர், சீனி, ஒரு சுண்டல் ஆளுக்கொரு பிடி கொண்டு வந்தால் மதியம் வரை போதும். எல்லாவற்றையும் பெரியவர்களே செய்து முடிக்காதீர்கள். பாய், கயிறு, அலுமாரி, வெள்ளையடித்தல் உங்கள் வேலை. பாயில் வருகின்ற படங்கள் திங்கட்கிழமை வருகின்ற பிள்ளைகளின் வேலை. கோணலாக இருந்தால் இருக்கட்டும். திருத்தி வரைந்து கொடுக்காதீர்கள், பிள்ளை அது தன்னுடையது இல்லை என்று உடனே கண்டுபிடித்து விடும்.

படங்களை மாதம் ஒரு முறையாவது மாற்றுங்கள். ஒரே படம் வருடம் முழுக்க இருந்தால் பிள்ளையின் கண் அதைப் பார்க்காது. மழைக்காலத்தில் மழை, அறுவடையில் நெல், ரின் பாலில் இருந்து கோழிக்குஞ்சு வரை எது அவர்கள் பேச்சில் அடிபடுகின்றதோ அது வரட்டும். கழற்றியவற்றைக் குப்பையில் போடாமல் பிள்ளையின் பெயர் எழுதிய கடதாசி உறையில் சேர்த்து வைத்துத் தவணை முடிவில் வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள். விடுமுறைக்கு முன்னர் பாய்களைக் கழற்றி உதறி, ஒரு நாள் முழுக்க நல்ல வெயிலில் காய விட்டு, நடுவில் வேப்பிலை வைத்துச் சுருட்டி, எலி ஏறாத உயரத்தில் வளையில் கட்டி விட்டுப் போங்கள்.